கடுகளவு போதும் என்றால், குறைந்துபோவது எவ்வளவு?

29 ஜனவரி 2025

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டதை அப்படியே போடுகிறேன்.

"என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது கை இன்னும் வரவில்லை. வாராவாரம் வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறவர்கள் போன வாரம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மையான விசுவாசம் இருந்தால் இந்நேரம் கை வந்திருக்குமாம், இந்த வீட்டில் யாருக்கோ சந்தேகம் இருக்கிறதாம். அன்றிலிருந்து அவர் என்னையே பார்க்கிறார். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறதா?"

29 ஜனவரி, இரவு

நான் சாமியாரும் இல்லை, போதகரும் இல்லை. ஆத்தங்குடியில் தரைக்குப் பூக்கல் போடுகிற பட்டறை வைத்திருக்கிறேன். பிறந்தது கத்தோலிக்க வீடு, பெண் எடுத்தது பெந்தெகொஸ்தே வீடு. திருவிவிலியம் ஒன்று, பழைய வேதாகமம் ஒன்று, இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. அவை சண்டை போடுவதில்லை, நாங்கள்தான் போடுகிறோம்.

கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையையும் நகர்த்தலாம் என்கிற கடுகு வசனம் மத்தேயு 17இல் வருகிறது. சுவரில் மாட்டுகிற காலண்டரில் அந்த ஒரு வரிதான் இருக்கும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். வலிப்பு வருகிற மகனை ஒரு தகப்பன் சீடர்களிடம் கொண்டுபோகிறான். அவர்களால் முடியவில்லை. இயேசு வந்து குணமாக்குகிறார். சீடர்கள் தனியாக வந்து, எங்களால் ஏன் முடியவில்லை என்கிறார்கள். உங்கள் அற்ப விசுவாசத்தால் என்கிறார். உங்கள். பையனுடையதும் இல்லை, தகப்பனுடையதும் இல்லை. குணமாக்கப் பார்த்து முடியாமல் போனவர்களைத்தான் சொன்னார்.

ஆக, உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அந்த வசனத்தைக் கொண்டுவந்தால் கண்ணாடியையும் கூடவே கொண்டுவர வேண்டும்.

இந்தப் பேச்சு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த வீடு ஒன்றில், ஒரு பெண்ணிடம் யாரோ இப்படிப் பேசி மாத்திரையை நிறுத்த வைத்தார்கள். அதை அப்புறம் சொல்கிறேன்.

31 ஜனவரி

நேற்று வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி, "அப்ப நாசரேத்து?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நியாயம்தான். மாற்கு 6இல் இயேசு சொந்த ஊரான நாசரேத்துக்குப் போகிறார், அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை, அவர்களுடைய அவிசுவாசத்தைக் கண்டு வியந்தார் என்று இருக்கிறது. இதை நான் விட்டுவிட்டேன். வசதியாக விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் என்ன பேசினார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. இவன் தச்சன்தானே, இவன் அம்மாவை நமக்குத் தெரியாதா, தங்கச்சிகள் இங்கேதானே இருக்கிறார்கள். உள்ளூர் மாடு விலை போகாது என்கிற கதை. அது இளக்காரம். ராத்திரி மூன்று மணிக்கு வீட்டுக்காரரின் கையைத் தடவிக்கொண்டே "கேட்கிறாரா இல்லையா" என்று கலங்குகிற சந்தேகம் வேறு ஜாதி. அப்படியும் அங்கே சில நோயாளிகள் குணமானார்கள் என்று அதே வசனம் சொல்கிறது.

சுவிசேஷத்தில் இயேசு வியந்தார் என்று வருவது இரண்டே சந்தர்ப்பங்களில். ஒன்று இது. இன்னொன்று கப்பர்நாகூமில், ரோமைப் படையின் நூற்றுவர் தலைவனிடம். நீர் என் வீட்டுக்கு வர வேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலைக்காரன் குணமாவான் என்றவன். பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கும் முன் நாம் சொல்வது அந்த அந்நியனின் வார்த்தைதான். ஊர்க்காரர்களைப் பார்த்து ஒரு வியப்பு, வெளியாளைப் பார்த்து ஒரு வியப்பு.

31 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

தூக்கம் வரவில்லை. விசுவாசம் இல்லாமலே குணமானவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெத்சதா குளத்தங்கரையில் 38 வருஷம் கிடந்தவன். தன்னைக் குணமாக்கியது யார் என்றே அவனுக்குத் தெரியாது, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நாயீன் ஊர் விதவை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, செத்த மகனின் பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு போனாள், அவ்வளவுதான். மகன் எழுந்தான். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன். அங்கே அவர் பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. அப்புறம் மல்குஸ். கைது செய்ய வந்த கூட்டத்தில் ஒருவன். பேதுரு அவன் காதை வெட்ட, இயேசு தொட்டுச் சரிசெய்தார். அவனிடம் என்ன விசுவாசத்தைப் பார்த்தார்?

லாசரைக் கேட்கவே வேண்டாம். நாலு நாள் பிணம்.

1 பிப்ரவரி

"அப்படியானால் விசுவாசமே வேண்டாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷப் பெரும்பாட்டுக்காரியிடம் உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கியது என்று அவரே சொல்லியிருக்கிறாரே. விசுவாசத்தைப் படி வைத்து அளக்காதே என்கிறேன். கடுகளவு போதும் என்றவர், அதே மூச்சில் உங்களுடையது அற்பம் என்கிறார். கடுகுக்குக் கீழே எந்தப் படியில் அளப்பது?

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் ஓடிவிடுகிறேன்.

4 பிப்ரவரி

இன்று ஓரியூர். அருளானந்தர் என்று நாம் சொல்கிற ஜான் டி பிரிட்டோ சாமியாரின் திருநாள். பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். நெரிசலில் ஒரு செருப்பு போயிற்று. வருஷாவருஷம் போகும்.

அந்த மண் சிவப்பாக இருக்கும், அவருடைய ரத்தம் பட்டது என்பார்கள். எங்கள் அப்பத்தா தீப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வருவாள். எனக்குச் சின்ன வயசில் மேல் சுட்டால் அதில் ஒரு சிட்டிகையை நெற்றியில் பூசிவிட்டு, அடுத்த நிமிஷம் குரோசின் மாத்திரையைத் தண்ணீரோடு நீட்டுவாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு இடைஞ்சலும் இருந்ததில்லை.

அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன். இன்றுதான் ஒன்று உறைத்தது. மறவர் சீமையில் தடியத்தேவர் என்கிற இளவரசருக்குக் கடும் நோய். உபதேசியார் வந்து ஜெபிக்க, பிழைத்துக்கொள்கிறார். ஞானஸ்நானம் கேட்கிறார். பிரிட்டோ, ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்கிறார். தேவரும் சம்மதித்து மற்றவர்களை விலக்குகிறார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராஜா சேதுபதிக்கு உறவு. அங்கே பிடித்தது நெருப்பு. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பிரிட்டோவின் தலை விழுந்தது.

ஒரே ஜெபம், ஒரே சங்கதி. தேவர் பிழைத்தார், சாமியார் செத்தார். இதில் விசுவாசம் குறைந்தது யாருக்கு? பிரிட்டோ லிஸ்பனில் பிறந்தவர். சின்ன வயசில் நோயில் கிடந்தபோது அவருடைய அம்மா சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு பிழைத்த பிள்ளை. 1686இலேயே இங்கே பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, ஊருக்குப் போய், இருக்கச் சொல்லியும் இருக்காமல் திரும்பி வந்தவர். சாவுக்கு முந்தின நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் காப்பாற்று என்ற ஒரு வேண்டுதல்கூட இல்லை. 1947இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கை வந்ததற்காகக் கொடுக்கவில்லை.

7 பிப்ரவரி

விசுவாசம் சரியா, நம்பிக்கை சரியா என்று கீழே இரண்டு பேர் மல்லுக்கட்டுகிறார்கள். நான் ஏற்கெனவே வீட்டில் கட்டி முடித்த மல்லு.

பழைய வேதாகமத்தில் விசுவாசம், 1995இல் வந்த திருவிவிலியத்தில் நம்பிக்கை. அப்பத்தா கடைசிவரை "விசுவசிக்கிறேன்" என்றுதான் சொன்னாள். எனக்கு இப்போது பழைய சொல்தான் பிடிக்கிறது. அது வடமொழி என்பதற்காக இல்லை. நம் ஊரில் அதை எதற்குச் சொல்கிறோம் என்று பாருங்கள். நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். அந்த வீட்டில் நாற்பது வருஷம் விசுவாசமாக இருந்தார் என்று சமையல்காரரைச் சொல்கிறோம். நடக்கும் என்று அடித்துச் சொல்வது அங்கே வரவே இல்லை. விட்டுப் போகாமல் இருப்பதுதான் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் வருகிற கிரேக்கச் சொல் பிஸ்டிஸ். அதற்கும் நம்புதல், நம்பத்தக்கவராக இருத்தல் இரண்டும் பொருள்.

நாய் என்றதும், மகளைக் குணமாக்கச் சொல்லி இயேசுவிடம் வந்த கானானியப் பெண் ஞாபகம் வருகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்ட பிறகும், மேசையிலிருந்து விழுகிற துணுக்கைத் தின்னுமே என்று அங்கேயே நின்றாள். உன் விசுவாசம் பெரிது என்றார். அவள் வாதத்தில் ஜெயித்தாள் என்று பிரசங்கம் பண்ணுவார்கள். எனக்கென்னவோ, அவள் போகாமல் நின்றதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இந்த வாரம் ரோடெல்லாம் காவடி. பட்டறைக்குச் சிமெண்ட் கொடுக்கிற நகரத்தார் ஒருவர் வருஷம் தவறாமல் பழநிக்கு நடக்கிறவர். நடந்தே போய், நடந்தே திரும்புவார்கள். பாதத்தில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது. "அண்ணே, வேண்டிக்கிட்டது நடந்துச்சா?" என்று போன வருஷம் கேட்டேன். "நடக்கல. ஆனா வர்றேன்னு சொல்லியிருந்தேன்ல" என்றார். தானியேல் புத்தகத்தில் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் இதைத்தான் சொன்னார்கள். எங்கள் தேவன் விடுவிப்பார், விடுவிக்காமல் போனாலும் உன் சிலையைக் கும்பிட மாட்டோம். அவருடைய சாமி வேறு, என் சாமி வேறு. பாதம் ஒன்றுபோலத்தான் கொப்பளிக்கிறது.

(பேச்சு எங்கோ போய்விட்டது. பரவாயில்லை.)

12 பிப்ரவரி

செட்டிநாட்டில் இருந்துகொண்டு கணக்கு பேசாமல் எப்படி. விசுவாசத்தை வரவில் எழுதி, குணமாவதைப் பற்றில் எடுக்கிற பேரேடு ஒன்றை நாம் வைத்திருக்கிறோம். வராவிட்டால் இருப்பு போதவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் இந்த ஊரில் பெரிய கொடுக்கல் வாங்கலெல்லாம் நாணயத்தின் பேரில்தான் நடந்தது. காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், வாக்கு மாறாத ஆளையும் நாணயமானவர் என்றுதான் சொல்கிறோம். உண்டியல் என்கிற பணச் சீட்டை எழுதிக் கொடுத்தால் ரங்கூனில் பணம். எழுதியவர் யார் என்பதுதான் விஷயம், வாங்கியவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கப்பலேறினார் என்பது இல்லை.

20 பிப்ரவரி

மாத்திரைக் கதை என்னாச்சு என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன். "யாரோ" என்று எழுதியதைத் திருத்துகிறேன். அந்த யாரோ நான்தான். பெண், என் தங்கச்சி.

2009. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். புதுச் சூடு. மனைவியோடு கூட்டங்களுக்குப் போய், மனைவியையே மிஞ்சியிருந்தேன். தங்கச்சிக்குப் பன்னிரண்டு வயசிலிருந்து வலிப்பு. காலையும் ராத்திரியும் மாத்திரை, அதில் கட்டுக்குள் இருந்தது. வரன் பார்க்கிற நேரம். வீட்டில் ஒரு வாரம் உபவாச ஜெபம் வைத்தோம். கடைசி நாள் ராத்திரி நான் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "ஒரு கையில மாத்திரைய வச்சுக்கிட்டு இன்னொரு கையால ஆண்டவர்கிட்ட கேட்டா அவர் எந்தக் கையைப் பார்ப்பாரு?" எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

ஆறாவது நாள் மத்தியானம் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

எங்கள் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் கலர்க் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் தூவி, பின்பக்கம் கலவை போட்டு இழுத்துவிட்டால் ஒரு கல். சூளை கிடையாது. மறுநாள் தொட்டித் தண்ணீரில் செங்குத்தாக அடுக்கிவிடுவோம். நாள் கணக்கில் ஊறும். தொட்டி முழங்கால் உயரச் சுவர், உள்ளே இடுப்பளவு ஆழம்.

வாளி விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. திரும்பினால் சாம்பார் தரையில் ஓடுகிறது, ஆளைக் காணோம். தொட்டிக்குள் கல்லும் கல்லும் மோதுகிற சத்தம். கடகடகடவென்று, கை தட்டுகிற மாதிரி. கல் போடுகிற அண்ணன்தான் குதித்துத் தூக்கினார். நான் நின்றேன். நெற்றியில் கல் விளிம்பு வெட்டி, ரத்தம் சிமெண்டுத் தண்ணீரோடு சேர்ந்து இறங்கியது. உடைந்து கிடந்தது பச்சைப் பூப்போட்ட கல்.

மத்தேயு 17இல் அந்தத் தகப்பன் சொல்வான், அடிக்கடி தீயிலும் அடிக்கடி ஜலத்திலும் விழுகிறான் என்று. அந்த வசனத்தை நான் மேடையில் வாசித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நெற்றியில் நாலு தையல். டாக்டர் கேட்டார், "மாத்திரைய எப்ப நிறுத்தினீங்க? திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் வரும்னு தெரியாதா?" நான் வாயைத் திறக்கவில்லை. அவள், "மறந்துட்டேன் டாக்டர்" என்றாள். என்னைக் காப்பாற்றினாள். ராத்திரியே மாத்திரை போட ஆரம்பித்தாள். சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போடுகிறாள், இன்றுவரை.

21 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அதே சம்பவத்தை மாற்கு 9ஆம் அதிகாரத்தில் சொல்கையில் அந்தத் தகப்பன் அழுதுகொண்டே, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்கிறான். அரைகுறையை அரைகுறை என்றே சொல்லிவிட்டான். இயேசு, போய் முழுசாக்கிக்கொண்டு வா என்று அனுப்பவில்லை. பையனை எழுப்பினார்.

உண்மையான விசுவாசம் என்று எதையாவது சொல்வதானால் நான் இவனைத்தான் காட்டுவேன். அந்த ஒரு வார உபவாசத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தரும் இப்படி ஒரு வாக்கியம் பேசவில்லை. குறிப்பாக நான்.

5 மார்ச், சாம்பல் புதன்

நெற்றிச் சாம்பலோடு எழுதுகிறேன், கீபோர்டில் கொஞ்சம் கொட்டியது.

இரண்டு செய்தி. ஒன்று, சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவர்தான் படைத்தார் என்று இருப்பதை மனைவியிடம் காட்டினேன். "அந்தப் புத்தகமே எங்க வேதத்துல இல்ல" என்றாள். சரி, உங்கள் வேதத்திலிருந்தே எடுக்கிறேன் என்று பவுலுக்குப் போனேன். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியவில்லை. பவுல் அவருக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதுகிறார். உனக்கு விசுவாசம் பத்தாது என்று எழுதவில்லை. கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்கிற ஊரில் நோயாளியாகவே விட்டுவந்தார். தன் உடம்பிலிருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார், எடுபடவில்லை. மனைவி முழுசும் கேட்டுவிட்டு, "இத 2009ல சொல்லியிருக்கலாம்" என்றாள்.

இரண்டாவது, முதலில் கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார். இனிமேல் விசுவாசக் குறைவு பேச்சு எடுப்பதானால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சிலர் நின்றுவிட்டார்கள். வருகிறவர்களில் ஒரு தம்பி ஆட்டோ வைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் காரைக்குடிக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறார், காசு வாங்குவதில்லை. செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபின் நிருபத்தைப் படித்திருப்பார் போல. லூத்தர் அதை வைக்கோல் நிருபம் என்று சொன்னது இந்தத் தம்பிக்குத் தெரிய வேண்டாம். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறதாம். வீட்டுக்காரர் இப்போது டிவி பார்க்கிறாராம், "என்னைப் பார்ப்பதில்லை" என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார்.

9 மார்ச்

இன்று பூசையில் வாசகம் லூக்கா 4. கோயில் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான் பிசாசு. அதற்கு ஆதாரமாகச் சங்கீதத்தையே எடுத்துச் சொல்கிறான். நான் குனிந்துகொண்டேன். இரண்டு வரிசைக்கு முன்னால் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் போனை நீட்டினாள். நான் எழுதியதெல்லாம் அவள் மகன் காட்டிவிட்டானாம். திருத்தம் சொன்னாள், அப்படியே போடுகிறேன்.

"ஆறாவது நாள் இல்லண்ணே, ஒன்பதாவது நாள். தையல் நாலு இல்ல, ஆறு. டாக்டர்கிட்ட மறந்துட்டேன்னு சொன்னது உன்னையக் காப்பாத்த இல்ல. அம்மா பக்கத்துல நின்னுச்சு, அதுக்குத் தெரிஞ்சா அழும். அப்புறம், நீ சொன்னேன்னு நான் நிறுத்தல. எனக்கே ஆசையா இருந்துச்சு."

பிறகு ஆட்டோவில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

"அந்தக் கல்லு பச்சை இல்ல. மெரூன்."